நகராத நால்வர்

நான்காவது சுற்றும் முடிந்தது. ஒருவரும் ஒரு கட்டம்கூட நகரவில்லை.

பலகையின் நடுவில் நான்கு வீரர்கள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றார்கள். சுற்றிலும் ஆறு பாறை மனிதர்கள். பாறை மனிதன் அடித்தான், வீரன் வாங்கிக்கொண்டான். வீரன் திருப்பி அடித்தான், பாறை மனிதன் வாங்கிக்கொண்டான். கொடுக்கல் வாங்கலில் ஒரு குறையும் இல்லை. இதைப் போர் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.

மற்றவர்களையாவது பொறுத்துக்கொள்ளலாம். வில்லாளியைப் பார்க்கத்தான் ஆட்டத்தை நடத்துகிற டைம் கீப்பருக்குத் தாங்கவில்லை. வில் என்ற ஒன்று ஏற்பட்டதே தூரத்தில் இருந்து எய்வதற்காக. இவளோ பாறை மனிதனின் மூக்கில் அம்பு நுனியை வைத்து எய்துகொண்டிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளிப் போய் எய்யலாமே. பின்னால எவ்வளவு இடம் கிடக்கு" என்றார்.

வில்லாளிக் காயை ஆடிய புதுப்பெண் பக்கத்தில் இருந்த கணவனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினான்.

"பரவால்லைண்ணா, இங்கேயே நிக்கறேன்" என்றாள். கொட்டாவியை அடக்கிக்கொண்டதில் கண்ணோரம் நீர் கோத்திருந்தது. அவள் அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்ததால் அதை அவர் தெளிவாகப் பார்த்தார்.

இந்த விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேசைமேல் கட்டம் போட்ட பலகை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரராகக் கதைக்குள் இருப்பார்கள். குகை வரும், அரக்கன் வருவான், சண்டை வரும். சண்டையில் ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது ஆறு கட்டம் வரை நகரலாம், பிறகு அடிக்கலாம். அடி பட்டதா இல்லையா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். யார் எங்கே நிற்கிறார்கள், யார் யாரை வளைக்கிறார்கள், எங்கே ஒளிகிறார்கள் என்பதில்தான் சுவாரசியம் முழுவதும் இருக்கிறது. அதாவது, இருக்க வேண்டும்.

டைம் கீப்பர் பேருந்து நிலையத்தில் வேலை பார்ப்பவர். இருபத்தாறு வருஷமாக அவருடைய தொழிலே நிற்கிறதைக் கிளப்புவதுதான். கூண்டு மாதிரி ஒரு அறையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாரென்றால், டீ குடிக்கப் போன டிரைவர் பாதி டீயோடு ஓடி வருவார். நிலையத்து வாசலில் திரும்பும் வண்டியின் எண்ணை அறைக்குள் இருந்தே படித்துவிடுவார். வருஷா வருஷம் கண் பரிசோதனையில் கடைசி வரி எழுத்துவரை வாசித்துத் தேறுகிற ஆள் அந்த நிலையத்தில் அவர் ஒருவர்தான். அப்பேர்ப்பட்டவரால் ஞாயிற்றுக்கிழமை மதியம், சொந்தச் சாப்பாட்டு மேசையில், விரல் உயரமுள்ள நான்கு காய்களை நகர்த்த முடியவில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி தான் போய்க் கூழ்ப்பானையில் விழுந்த கதைதான்.

நான்கு பேரும் வேற்று ஆட்கள் அல்ல. ஒன்று அவர் மனைவி. நூலகத்தில் வேலை, இடம் மாற்றி வைத்த புத்தகத்தை மன்னிக்கவே மாட்டாள். மூன்று வருஷமாக ஒரு மந்திரக்காரியை வளர்த்து வருகிறாள். இரண்டாவது அவளுடைய தம்பி, ஏசி மெக்கானிக், வாள்வீரன். காய்களையெல்லாம் செம்புக் குழாயை அறுத்துச் செய்தவன் அவன்தான். மூன்றாவது மாடி வீட்டுக் கணக்கு வாத்தியார். நேர்மைக்குப் பேர்போன மனிதர் என்பதால் திருடன் வேஷத்தை ஆசையோடு கேட்டு வாங்கிக்கொண்டவர். நான்காவது மச்சினனின் மனைவி. கல்யாணமாகி மூன்று மாதம், மேசைக்கு வந்து ஐந்து வாரம். கார் ஓட்டக் கற்றுத்தருகிற பள்ளியில் அவள் பயிற்சியாளர். அடுத்தவன் எந்த நேரத்தில் என்ன தப்பு செய்வான் என்று முன்கூட்டியே கவனித்து உயிரோடு வீடு திரும்புகிற வேலை.

அன்று ஆட்டம் முடிந்ததும் மச்சினன் மட்டும் பின்தங்கினான். செருப்பைப் போட்டான், கழற்றினான், மறுபடி போட்டான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தான். இப்படி ஆரம்பிக்கிற எதையும் சரியாக எடுத்துக்கொள்ள வழியில்லை.

விஷயம் இதுதான். அவன் மனைவி வேலை செய்யும் இடத்திலும் நாலைந்து பேர் இதே விளையாட்டை ஆடுகிறார்களாம். அங்கே சண்டை என்றால் ஓடுகிறார்கள், தாவுகிறார்கள், கூரையில் இருந்து குதிக்கிறார்களாம். இருவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"இங்க நின்ன இடத்துலயே நிக்கறது அவளுக்கு அலுப்பா இருக்கு மாமா."

"நகராதீங்கன்னு நானா சொன்னேன்?"

மச்சினன் வாயைத் திறந்தான். உள்ளே அக்கா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டு படியிறங்கிப் போனான்.

மாசக் கடைசிக்கு இன்னும் இரண்டே ஞாயிறு. அவர்கள் இருவரும் போனால் வாத்தியாரும் நாகரிகமாக ஒரு காரணம் சொல்லி நின்றுவிடுவார். புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போடுவதற்குப் பலகை எதற்கு, பகடை எதற்கு.

டைம் கீப்பர் அன்று வெகுநேரம் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது. வாரத்தில் ஆறு நாள் அவர் மைக்கில் பேசுகிறார். அவர் வாயைத் திறந்தாலே கேட்கிறவர்கள் ஓடுகிறார்கள். ஓட வைப்பதுதான் வேலை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து, கடைசி வார்த்தைவரை நிதானமாகச் சொல்லி, அதை நான்கு பேர் உட்கார்ந்து கேட்பது இந்த ஒரு இடத்தில்தான். இது போனால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது வெறும் துணி துவைக்கிற நாள்.

அடுத்த ஞாயிறு அவர் ஒரு சுற்றறிக்கையோடு வந்தார். தட்டச்சு செய்து, தேதி போட்டு, கீழே கையெழுத்தும் போட்டிருந்தது. எழுந்து நின்று வாசித்தார். இன்று முதல், தன் முறையில் ஒரு கட்டமாவது நகராமல் அடிப்பவருக்குப் பகடை எண்ணில் இரண்டு குறைக்கப்படும்.

எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஆட்டம் தொடங்கியது. நான்கு வீரர்களும் இடது பக்கம் ஒரு கட்டம் நகர்ந்து அடித்தார்கள். அடுத்த சுற்றில் வலது பக்கம் ஒரு கட்டம் நகர்ந்து அடித்தார்கள். மறுபடி இடது. மறுபடி வலது. பாறை மனிதர்களுக்கே தலை சுற்றியிருக்கும்.

"நகர்ந்தாச்சுங்க. எழுதிக்குங்க" என்றாள் மனைவி.

அவர் அங்கேயே, அப்போதே விதியைத் திருத்தினார். மூன்று கட்டத்துக்கு மேல் ஓடிவந்து அடித்தால் இரண்டு கூடும். முதுகுப் பக்கமாக அடித்தால் மேலும் இரண்டு கூடும். ஆசை காட்டினால் ஓடாத மனிதர் உண்டா என்பது அவர் கணக்கு.

ஆனால் கணக்குக்கென்றே மேசையில் வேறொருவர் இருந்தார். வாத்தியார் சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்து, பிஸ்கட் பொட்டலத்தின் உள்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டார். நடுவில் இருக்கிற தூணைச் சுற்றி எல்லோரும் ஒரே திசையில் ஓடினால் ஆளுக்கு நான்கு கட்டம் ஆகிறது. பாறை மனிதன் யாரைப் பார்த்துத் திரும்பினாலும் மற்ற மூவருக்கும் அவன் முதுகு கிடைக்கிறது. ஆகவே நான்கில் மூன்று அடிக்கு நான்கு கூடும். இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது என்பதை நிரூபித்தும் காட்டினார்.

அதன்பிறகு நடந்தது ராட்டினம். நான்கு வீரர்களும் தூணைச் சுற்றி ஓடினார்கள். ஓடிக்கொண்டே வரிசையாகக் கையை நீட்டி, ஒரே பாறை மனிதனின் முதுகில் ஆளுக்கொன்று வைத்துவிட்டுப் போனார்கள். அவன் விழுந்ததும் அடுத்தவன். மூன்று வாரம் தாங்குவார்கள் என்று டைம் கீப்பர் நம்பியிருந்த பாறை மனிதர்கள் அரைமணி நேரத்தில் பூண்டற்றுப் போனார்கள்.

அத்தனை ஓட்டத்திலும் ஒருவராவது தூணை விட்டு மூன்று கட்டத்துக்கு அப்பால் போகவில்லை. இதை அவர் கவனித்தார்.

"அந்த மூலையில ஒரு கயிறு தொங்குதுன்னு சொன்னேனே. அதுல யாராவது ஏறிப் பாருங்களேன்."

வாத்தியார் தூணைப் பார்த்தார். மனைவி பகடையைப் பார்த்தாள். மச்சினன் ஜன்னல் வழியாக எதையோ பார்த்தான்.

"இங்கேயே வசதியா இருக்கு மாமா."

 புதுப்பெண் டைம் கீப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் தன்னை ஒரு கையாலாகாதவன் என்று முடிவுகட்டிவிட்டாள் என அவருக்குத் தோன்றியது. அந்தப் பார்வையைத் தாங்காமல் பலகையை மடக்கினார்.

இன்னும் ஒரே ஞாயிறுதான் பாக்கி.

அந்த வாரம் முழுவதும் வேலையில் அவர் கவனம் நிற்கவில்லை. ஏற்கெனவே சில மாதங்களாக அவருக்கும் உலகத்துக்கும் ஒத்துப்போகவில்லை. இப்போதெல்லாம் மனிதர்கள் சத்தமே இல்லாமல் பக்கவாட்டில் வந்து முட்டுகிறார்கள். பெட்டி தூக்கிக்கொண்டு வந்த ஒருவர் செவ்வாய்க்கிழமை அப்படித்தான் முட்டினார். "எதிர்ல ஆள் வர்றது தெரியலையா" என்று இவர் கேட்டார். அதே கேள்வியை அவரும் அதே நேரத்தில் கேட்டார். தெருவில் குறுக்கே பாய்கிறவர்கள் பெருகிவிட்டார்கள் என்று ஸ்கூட்டர் ஓட்டுவதையும் விட்டுவிட்டார். வயதானால் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிடுகிறது என்று மனைவி சொல்லிக்கொண்டிருந்தாள். கை பட்டு உடைந்த கண்ணாடி டம்ளர்களையும் அவள் அந்தக் கோபத்தின் தலையிலேயே எழுதினாள்.

வியாழக்கிழமை மைக்கைப் பிடித்திருந்தபோதுதான் அவருக்கு மூளையில் பொறி தட்டியது. எதிரே ஒரு வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. அது ஏன் கிளம்புகிறது? டிரைவர் ஆசைப்பட்டா? இல்லை. தண்டனைக்குப் பயந்தா? அதுவும் இல்லை. பின்னால் வந்து நிற்கிற வண்டிக்கு அந்த இடம் வேண்டும். நிற்க இடம் இல்லாமல் போனால் எவனும் நகர்ந்துதானே ஆக வேண்டும்.

இருபத்தாறு வருஷ அனுபவம் கண்ணெதிரே இருக்க, பகடை எண்ணைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தோமே என்று தன்னையே நொந்துகொண்டார். கைப்புண்ணுக்குக் கண்ணாடி தேடிய கதை.

பழைய கால அட்டவணைப் பலகை ஒன்று நிலையத்துப் பின்கட்டில் வேண்டாமென்று கிடந்தது. அதிகாரியிடம் கேட்டுக்கொண்டு வீட்டுக்குத் தூக்கி வந்தார். வெள்ளை அடித்து, கட்டம் போட்டார். மேசையைவிட அது ஒரு சாண் பெரியது. நடுப்பகுதி முழுவதையும் தனித்தனி அட்டைத் துண்டுகளாக வெட்டி வைத்தார், சுற்றுக்குச் சில துண்டுகளாக உருவிவிடலாம். அதாவது குகையின் தரை நடுவில் இருந்து இடிந்து பாதாளத்தில் விழும். பிழைக்க வேண்டுமானால் ஓரத்துக்கு ஓடியே தீர வேண்டும். ஓரத்தில் என்னென்ன வைத்தார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வலது பக்கம் ஏறிநின்று எய்ய ஒரு பாறைத் திட்டு. இடது பக்கம் உருட்டிவிடப் பீப்பாய்கள். மூலைக்கு மூலை தாவுவதற்குக் கயிறு. ஒளிவதற்குப் புதர். மூன்று மாலை அதற்கே சரியாகப் போயிற்று. மனைவி வந்து பார்த்துவிட்டு, "எல்லாரும் ஓரத்துக்குப் போகணுமா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றார். அவள் பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிறு வந்தது. பலகை மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டதால் டீயை எல்லோரும் மடியில் வைத்துக்கொண்டார்கள். ஆறு புதுப் பாறை மனிதர்கள் இறங்கினார்கள். டைம் கீப்பர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தரை நடுங்குகிறது என்றார். பிறகு முதல் நான்கு அட்டைகளை உருவினார்.

அந்த முதல் சுற்றை அவர் சாகும்வரை மறக்கப் போவதில்லை. வாள்வீரன் பீப்பாய்மேல் கால் வைத்துத் தாவி இடது ஓரத்துக்குப் போனான். போகிற போக்கில் பீப்பாயை உதைத்து ஒரு பாறை மனிதனைப் பாதாளத்தில் தள்ளினான். திருடன் கயிற்றைப் பிடித்து ஊஞ்சலாடி இடது மூலைப் புதருக்குள் மறைந்தான். வில்லாளி வலது ஓரத் திட்டில் ஏறி, ஏழு வாரத்தில் முதன்முறையாகத் தூரத்தில் இருந்து அம்பு எய்தாள். பகடை இருபது காட்டியது. புதுப்பெண் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். வாத்தியார் சிரித்தார். அவருக்குச் சிரிக்க வரும் என்பதே அன்றுதான் தெரிந்தது. மந்திரக்காரி மட்டும் நடுவில் மிச்சமிருந்த ஒரு துண்டுத் தரையில் நின்று நெருப்பு வீசினாள்.

டைம் கீப்பர் சந்தோஷத்தில் கை தட்டினார். மச்சினன் எங்கும் போக மாட்டான். எல்லோரும் இங்கேயேதான் இருப்பார்கள்.

இரண்டாவது சுற்று. இன்னும் நான்கு அட்டைகளை உருவினார். அவர் வழக்கப்படி பலகையைப் பார்த்து முறை அழைத்தார். "மந்திரக்காரி" என்றார். அவள் அடித்தாள். "பாறை மனிதர்கள்" என்றார். ஐந்து பேரும் மந்திரக்காரியை அடித்தார்கள்.

மூன்றாவது சுற்று. "மந்திரக்காரி." அவள் அடித்தாள். "பாறை மனிதர்கள்." ஐந்து பேரும் மந்திரக்காரியை அடித்தார்கள்.

நான்காவது சுற்றில் மச்சினன் டீயை முடித்துவிட்டு டம்ளரை உள்ளே வைத்துவிட்டு வந்தான். புதுப்பெண் உட்கார்ந்துவிட்டாள். வாத்தியார் ஒருமுறை கையைத் தூக்கினார், பள்ளிக்கூடப் பழக்கம். யாரும் கவனிக்காததால் இறக்கிக்கொண்டார். ஐந்தாவது சுற்றில் மந்திரக்காரி செத்துப்போனாள்.

மனைவி அந்தச் செம்புக் காயைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டாள். "மூணு வருஷம்" என்றாள். 

"தனியா மாட்டிக்கிட்டே, என்ன பண்றது. மத்த மூணு பேரும் பாதாளத்துல விழுந்துட்டாங்க" என்றார் டைம் கீப்பர், உண்மையான துக்கத்தோடு.

வாத்தியார் புதரைப் பார்த்தார், பிறகு டைம் கீப்பரைப் பார்த்தார்.

"நாங்க எப்ப விழுந்தோம்?" என்றார் வாத்தியார்.

"ரெண்டாவது சுத்துல அட்டையை உருவினதுமே காணோமே."

"காணோமா? நான் இங்கதான் சார் இருக்கேன். புதர்ல. எனக்கு நாலு சுத்தா முறையே வரலை."

டைம் கீப்பர் வாத்தியார் விரல் காட்டிய இடத்துக்குத் தலையைத் திருப்பினார். இடது மூலையில் திருடன் நின்றுகொண்டிருந்தான். பீப்பாய்களுக்கு அருகே வாள்வீரனும் நின்றான். இந்தப் பக்கம் திரும்பினால் திட்டின்மேல் வில்லாளி. அவருக்கு முகம் சிவந்துவிட்டது. மூன்று மாலை முதுகு ஒடியச் செய்த பலகை, முதல் சுற்றில் கிடைத்த அந்தச் சந்தோஷம், எல்லாவற்றையும் இவர்கள் விளையாட்டாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

"இது இப்ப வெச்சது" என்றார்.

"என்ன சொல்றீங்க?"

"விழுந்த காயை, நான் பாக்காத நேரத்துல எடுத்து ஓரத்துல வெச்சிருக்கீங்க. என் கண்ணு என்ன பொட்டையா?"

வாத்தியார் எழுந்து நின்றார். தேர்வு அறையில் இருபத்திரண்டு வருஷம் காவல் நின்றவர் அவர். காப்பி அடித்த சொந்தத் தங்கை மகனையே பிடித்து எழுப்பி வெளியே அனுப்பியவர். அவரைப் பார்த்து ஒருவர் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சார், சொல்லிடறேன். இத்தனை நாள் சொல்லலை. ஓரத்துக்குப் போனா உங்களுக்கு எங்க ஞாபகமே இருக்கறதில்ல. அடிக்கவும் மாட்டீங்க, கூப்பிடவும் மாட்டீங்க. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. விளையாட வந்துட்டுத் தனியா உக்காந்திருக்கறது கஷ்டமா இருக்கு. அதனாலதான் எல்லாருமா பேசி வெச்சுக்கிட்டு நடுவுல நின்னோம்."

டைம் கீப்பர் மனைவியைப் பார்த்தார். அவள் மறுக்கவில்லை. கண்ணுக்கு நேரே இருக்கிறவர்களைத்தான் கவனிப்பது அவருடைய சுபாவம் என்று நினைத்தாளாம். அதைச் சொல்லிக் காட்டி வீட்டில் ஒரு சண்டையைக் கிளப்ப வேண்டாமென்று விட்டுவிட்டாளாம்.

அடுத்து மச்சினன் பேசினான். அவன் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. "இவ முதல் வாரம் தெரியாம மூலைக்குப் போனா மாமா. மூணு சுத்து நீங்க இவளைக் கூப்பிடவே இல்ல. வீட்டுக்குப் போய், அண்ணாவுக்கு என்னைப் பிடிக்கலையான்னு கேட்டு அழுதா. நடுவுல நில்லுன்னு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்."

டைம் கீப்பர் குனிந்து பலகையைப் பார்த்தார். நகராத நான்கு பேரை நகர்த்தப் படாத பாடு பட்டார். அவர்களோ அவர் தங்களை மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஒரு வருஷமாக நகராமல் நின்றிருக்கிறார்கள். வெட்கத்தில் அவர் உடம்பு கூசியது.

அவர் நிமிர்ந்து புதுப்பெண்ணைத் தேடினார். எதிரே இருந்த அவளுடைய நாற்காலி காலியாக இருந்தது.

 இவ்வளவு நேரம் அவர் வாத்தியாரையும் மனைவியையும் மச்சினனையும் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். அதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள். திருட்டுப் பட்டம் கட்டுகிற வீட்டில் யார்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

"போயிட்டாளா?" என்று கேட்டார்.

 மூன்று பேரும் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்தார்கள். அவ்வளவு சங்கடப்படுத்திவிட்டோமா என்று நினைத்துக்கொண்டார். மனைவியின் கை வாயைப் பொத்தியிருந்தது.

"போகட்டும். அவ மேல தப்பில்ல" என்றார். குரல் மைக்கில் ஒலிக்கிற குரலாக இல்லை. "வாத்தியார் சார், நான் சொன்னது பெரிய தப்பு. மன்னிச்சுக்குங்க. மாப்ளே, அவகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லு. நான் வேணும்னு பண்ணலை. வாரம் பூரா மைக்குல கத்தறேன், ஒருத்தனும் கடைசி வார்த்தை வரைக்கும் நின்னு கேக்கறதில்ல. இங்க நாலு பேர் எனக்காக வந்து உக்காந்து கேக்கறீங்க. அந்த நாலு பேர்ல ஒருத்தரை நான் மறப்பேனா? எனக்குப் புரியலை மாப்ளே. நிஜமா எனக்கு ஒண்ணுமே புரியலை. அவ போன வழியில ஓடிப்போய்ச் சொல்லு, போ."

மச்சினன் நகரவில்லை.

அப்போது, பலகைமேல் ஊன்றியிருந்த அவருடைய வலது முழங்கைக்குப் பக்கத்தில் இருந்து, மிக மெதுவாக அந்தக் குரல் வந்தது.

"நான் எங்கயும் போகலைண்ணா. பத்து நிமிஷமா உங்க பக்கத்துல, இங்கேயேதான் நின்னுட்டிருக்கேன். ஓரத்துல இருக்கறது எதுவும் உங்க கண்ணுக்கு நிஜமாவே தெரியலையா?"